வர ஏழேகால், திரும்ப எட்டேமுக்கால்

மார்ச் 4

அன்புள்ள அம்மா,

கால் வீக்கம் வடிஞ்சுதா? இங்க ஒரு பெரிய சேதி. உங்க ஊர்லேர்ந்து எங்க ஊருக்கு ஏப்ரல்ல நேரடி விமானம் விடறாங்க. அது பறக்கற வழியைப் போட்டது யாரு தெரியுமா? இந்த ஏழு மாச வயித்தைத் தூக்கிட்டு ஆபீஸ்ல உக்காந்து நான்தான்! ஆறாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், ஏழேகால் மணி நேரம். டாக்டர் உனக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல பயணமே கூடாதுன்னுதானே சொன்னார்? இனிமே நடுவுல இறங்கி ஏறி, பதினாறு மணி நேரம் அல்லாட வேண்டாம். பிரசவத்துக்கு நீ பக்கத்துல இருக்கணும்மா.

உன் வாலு

மார்ச் 15

என் வாலுப்பொண்ணுக்கு,

போன்ல சொன்னா குறுக்க குறுக்கப் பேசுவே, அதான் எழுதறேன். நம்ம தையல்கடைக்கு ரவிக்கை தைக்கக் குடுக்க வந்த டீச்சரம்மாகிட்ட அட்லஸ் வாங்கி, நாடா வெச்சு அளந்தேன். ஏழாயிரத்து ஐந்நூறு வருது! முப்பத்தஞ்சு வருஷமா அளவெடுக்கறவகிட்டயே உன் வேலையைக் காட்டறியா? என்னை வரவைக்கணும்னு குறைச்சு எழுதியிருக்கே. எட்டு மணி தாண்டி, கால்ல மறுபடி ரத்தம் கட்டிக்கிட்டா, பிள்ளை பெத்தவ எனக்குப் பணிவிடை செய்யணும். அந்தக் கூத்து வேண்டாம். வரணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது, என்ன பண்ண.

அம்மா

மார்ச் 26

கோபக்கார அம்மாவுக்கு,

அட்லஸ்ல உலகத்தைத் தட்டையா விரிச்சு வெச்சிருக்காங்க. உலகப்படம் போட்ட ஒரு பந்து வாங்கி, ரெண்டு ஊருக்கும் புள்ளி வெச்சு, நூலை இழுத்துப் பிடி. அதான் விமானம் போற வழி. உருண்டையான தோள்ல துணி எப்படிப் படியும்னு உனக்கு நானா சொல்லணும்?

ஆனா ஒண்ணு இருக்கும்மா. மேல காத்து மேற்கேயிருந்து அடிக்குது. இங்க வரும்போது பின்னாலேர்ந்து தள்ளும். திரும்பும்போது எதிர்ல அடிக்கும், எட்டேமுக்கால் மணி நேரம் ஆகும். டாக்டர் சொன்ன எட்டைத் தாண்டிடுது, வந்துட்டா நீ திரும்பிப் போக முடியாது. உன் மாப்பிள்ளை, "வந்தப்புறம் சொல்லிக்கலாம்"னார். எனக்கு மனசு கேக்கல. வரமாட்டேன்னு மட்டும் எழுதிடாதே, பயமா இருக்கு.

வாலு

ஏப்ரல் 8

என் தங்கத்துக்கு,

பந்து வாங்கி நூல் வெச்சுப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. அம்மா தோத்தேன்டி! கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் "எம்பொண்ணு போட்ட வழி"ன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.

திரும்பற கணக்கை மட்டும் மறைச்சிருந்தேன்னா, வயித்துப்பிள்ளைக்காரின்னும் பார்க்காம முதுகுல ரெண்டு வெச்சிருப்பேன். போகட்டும், எட்டேமுக்காலைப் பத்தி இங்க யாருடி கேட்டா? பதினெட்டு வருஷமா கடையில கூட இருந்து பட்டனுக்குக் காஜா எடுத்தாளே, அவகிட்டயே கடையைக் குடுத்துட்டேன். சாவியை நீட்டினப்போ ரெண்டு பேரும் ஒரு பாட்டம் அழுதோம். அப்புறம் அவளே, "கிளம்புக்கா"ன்னு விரட்டினா.

டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துட்டு, "தாராளமா போயிட்டு வாங்க"ன்னார். "போறேன், வரல"ன்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சார்.

ஒரு வழி டிக்கெட் எடுத்தாச்சு. முதல் விமானம், பன்னெண்டாம் தேதி. மாப்பிள்ளைதான் ஏர்போர்ட்டுக்கு வர்றார். உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். இந்தக் கடிதம் வர எப்படியும் பத்து நாளாகும். தபால்காரர் மணி அடிச்சா நீ வயித்தைத் தூக்கிட்டு எழுந்திரிக்காதே. கதவைத் திறந்து இதை வாங்கப் போறது நான்தான்.

அம்மா