ட்ரென்டுக்கு நான் போட்ட கையெழுத்து

அன்பு மகன் டேரிலுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை ஜோடியும் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம், அதற்கு மேல் எங்கள் நலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அலாஸ்காவில் அந்த மீன்பிடிக் கப்பலில் நீ காய்ந்த கையுறை போட்டுக்கொண்டு, சளி பிடிக்காமல் இருந்தால் எனக்கு அது போதும். அப்பாவை அடக்கம் பண்ணி இன்றோடு பதினெட்டு நாள். நீ வரவில்லை என்று இங்கே யாரும் குறை சொல்லவில்லை, நடுக்கடலில் இருப்பவன் என்ன செய்வான். சர்ச் பெண்கள் கொண்டுவந்த கேசரோல் சாப்பாடு இன்னும் ஃப்ரீசரில் கிடக்கிறது, எடுத்துச் சூடு பண்ணுகிறேன், பாதியை மறுபடி உள்ளே வைக்கிறேன். வாசலில் விழும் பனியை நம் மாப்பிள்ளை ட்ரென்ட்தான் தள்ளிவிட்டுப் போகிறான். நான் எழுவதற்குள் வந்து, கதவைக்கூடத் தட்டாமல் போய்விடுகிறான்.

நீ போனில் பேசியதைக் கேட்டு ஜோடி பெட்டி கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். "அப்பாவைக் கொன்னவன்கூட ஒரே வீட்ல எப்படி இருக்கே" என்று கேட்டாயாம். அவளும் விவாகரத்துக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறாளாம். டேரில், அந்தக் குடும்பத்தை உடைக்கும் முன் இதைப் படி. நான் நடத்தும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பின் கடைசித் தேர்வு மான் வேட்டை சீசனுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை நடந்தது. அதில் தேறாதவனுக்குச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாதவனுக்கு மான் உரிமம் இல்லை. முள்வேலி வந்தால் குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில் முதலில் தள்ளிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். ட்ரென்ட் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே தாண்டினான், அதுவும் இரண்டு தடவை. பொய்க்குண்டுதான், ஆனாலும் அந்தத் தப்புக்கு மன்னிப்பே கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், நம் சர்ச் போதகரையே இதற்காக ஃபெயில் போட்டு அடுத்த வருஷம் வரச் சொன்னவள் நான். அப்பா வயசுக்காரர்களுக்குச் சட்டப்படி அந்த வகுப்பே வேண்டாமல்லவா, அதனால் அவருக்கு எப்போதும் கேலிதான். "விடுடி ஆர்டிஸ், நம்ம மாப்பிள்ளை முதல் தடவையா காட்டுக்கு வரான், நான் பக்கத்துலயேதான இருப்பேன்" என்றார். அவர் கேட்டார் என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. தேர்வுத் தாளில் வேலி தாண்டுதல் என்ற கட்டத்தில் சரி என்று குறி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழரை மணி, ஹாக்கன்சன் சோளக்காட்டு வேலி. அப்பா முதலில் தாண்டி நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். ட்ரென்டின் கோட்டு கம்பியில் மாட்டியது, துப்பாக்கி வெடித்தது. உனக்குச் சொன்னது அவ்வளவுதான். சொல்லாதது ஒன்று உண்டு. வனக் காவலர் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது, தேர்வில் வேலியைச் சரியாகத் தாண்டினாயா என்று அவனைக் கேட்டார். "அத்தை நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாங்க சார், தேர்வுல சரியாத்தான் பண்ணேன், காட்டுலதான் மறந்துட்டேன்" என்றான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அங்கேயே நின்று காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை, இன்றுவரை திறக்கவில்லை. ஊரே அவனைத் தூற்றுகிறது, இந்தப் பாவியைக் கட்டிப்பிடித்து அழுகிறது.

அவன் செய்தது தப்பில்லை என்று சொல்லவில்லை. நான் செய்ததையும் சேர்த்து அவன் சுமக்கிறான் என்றுதான் சொல்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு வனக் காவலர் அலுவலகத்துக்கு அந்தத் தேர்வுத் தாளோடு போகிறேன், அவர்கள் என்ன செய்தாலும் செய்யட்டும். இது கையில் கிடைத்ததும் ட்ரென்டுக்குப் போன் பண்ணு, மறந்துவிடாதே. திட்ட வேண்டியதை எனக்கு மிச்சம் வை. கடவுள் உன்னைக் கடலில் பத்திரமாக வைத்திருக்கட்டும், என் கண்ணே. பனியில் நான் ஓட்ட வேண்டாம் என்று ஜோடிதான் கார் எடுக்கிறாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது, வழியில் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
ஆர்டிஸ்