ஏரித் தண்ணீரில் கரைத்த நீலம்

சுண்டெலிக்கு அம்மா எழுதுவது. கல்யாணம் ஆனவளை இன்னும் இப்படிக் கூப்பிடுகிறாளே என்று மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். நீயும் அவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம், அதற்குப் பேர் சுகம் என்றால் சுகம்தான்.

நீ அனுப்பிய ஸ்வெட்டரை அப்பா வெயிலிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கழற்றச் சொன்னால் காதில் விழாத மாதிரி இருக்கிறார். இங்கே குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்து இப்போது அதுவும் இல்லை, லாரி வந்தால்தான் தண்ணீர், அதற்குக் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறார்கள். நான் வேலை செய்யும் விடுதியில் பாதி அறை காலி, துவைக்க விரிப்புகள் குறைவு, ஆனாலும் என்னை வரச் சொல்கிறார்கள், நானும் போகிறேன். இரண்டு பேரையும் உன்னோடேயே வைத்துக்கொள்ள டிக்கெட் போடட்டுமா என்று போனில் கேட்டாயே, எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் தம்பியின் படகு ஏரியில் கவிழ்ந்து, தேட வந்தவர்கள் உடம்பு கிடைக்கவில்லை என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, நான் தினமும் காலையில் படம் போடுகிறேன். சிரிக்காதே. விடுதியில் துணி காயப்போடும் மொட்டை மாடியில் நின்றால் எதிரே மலை, அதன் காலடியில் ஏரி. சோப்பு வரும் அட்டைப்பெட்டியைக் கிழித்து, குச்சியில் துணி சுற்றி, மலையைத் தேயிலைச் சாயத்தில் போடுவேன், ஏரியைத் துணிக்குப் போடும் நீலத்தில் போடுவேன். நீலத்தைக் கரைக்க ஏரித் தண்ணீரைத்தான் பாட்டிலில் பிடித்து வந்து வீட்டு ஜன்னலில் வைத்திருப்பேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அவன் இருக்கிற தண்ணீர், அவ்வளவுதான். சாமி கும்பிடுவது மாதிரி இல்லை. வேலைக்குப் போனால் வந்துவிட்டேன் என்று முகத்தைக் காட்டுகிறோமே, அது மாதிரி. அன்றைக்கு நடந்ததைப் பார்த்தது அந்த மலை ஒன்றுதான். அதன் முன்னால் போய் நின்றால் மனசு அழவும் இல்லை, ஆறவும் இல்லை, சும்மா நிற்கிறது. அந்தச் சும்மாவே எனக்குப் போதுமாக இருக்கிறது. இஸ்திரி போடுகிறவள், "என்னக்கா, வெள்ளைத் துணி போதாதுன்னு மலைக்கும் நீலம் போட்டு வெளுக்கிறியா?" என்று கேட்டாள். மேஸ்திரி வேறு, "நீலம் இவ்ளோ சீக்கிரம் தீருதே, எல்லாரும் குடிக்கிறீங்களா?" என்று கத்தினார்.

போன வாரம் வீட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. நான் வேலை முடிந்து வருவதற்குள் அப்பா ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்துக் கொதிக்க வைத்து டீ போட்டுவிட்டார். பாவம், எனக்கும் சேர்த்துத்தான். நான் வந்து பார்க்கும்போது அவர் பாதி குடித்திருந்தார். அது ஏரித் தண்ணீர் என்று சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை, ஏரி என்ற வார்த்தையையே வீட்டில் எடுக்கக் கூடாது. கையிலிருந்த டம்ளரையே பார்த்தார். வீசிவிடுவார் என்று நினைத்தேன். வீசவில்லை, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பிறகு, "உன்னோடது ஆறிடப் போகுது, குடி" என்றார். குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார், அதையும் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், கையில் அந்தக் காலிப் பாட்டில். "வா, நான்தானே காலி பண்ணினேன்" என்றார். இரண்டு பேருமாகப் போனோம். கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏண்டி, தண்ணி இவ்ளோ இறங்கியிருக்கே, நீ பாக்கவே இல்லையா? மலையோட காலு தெரியுதே" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் படங்களில் மலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெறும் அட்டை தெரிந்துகொண்டே வந்தது, நாளுக்கு நாள் அகலமாக. எனக்கு அளந்து போடத் தெரியவில்லை என்று என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கண் கண்டதைக் கை போட்டிருக்கிறது, புத்திக்குத்தான் எட்டவில்லை. தண்ணீர் வற்றினால் அடியில் கிடப்பது வெளியே தெரியும் என்று அப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இப்போது அவரும் தினமும் என்னோடு வருகிறார், நான் படம் போட்டு முடிக்கும்வரை அட்டை பறக்காமல் விரலால் பிடித்துக்கொள்கிறார்.

அதனால் டிக்கெட்டை இப்போது போடாதே அம்மா. வரமாட்டோம் என்று சொல்லவில்லை. மழை பிடிக்கும்வரை எங்களை விட்டுவிடு. ஏரி திரும்ப நிறைந்துவிட்டால் அப்புறம் எங்களுக்கு இங்கே என்ன வேலை, நீ கூப்பிட்ட இடத்துக்கு வருகிறோம். லாரி வரிசையில் எல்லோரும் மழை மழை என்று வானத்தைப் பார்க்கிறார்கள், பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீங்களும் வேண்டிக்கோங்க பெரியம்மா" என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என் வேண்டுதல் வேறு என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடாதே. ஈரத் தலையோடு படுக்காதே. மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு டாக்டரிடம் கட்டாயம் காட்டு, தைலத்தோடு நிறுத்திவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணு, ஏரிக்குப் போனீர்களா என்று மட்டும் கேட்காதே, தானாகச் சொன்னால் கேட்டுக்கொள். நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

மழை வருவதற்கு முன்னால் தண்ணீர் அவன் இருக்கிற இடம்வரை இறங்கிவிடுமாடி?