புளித்துப்போன கிறிஸ்துமஸ் ஒயின்

தீர்த்தமலை அடிவாரம்,
12.12.1972

பாப்பாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு நீ போன பிறகு இதுதான் முதல் கிறிஸ்துமஸ். நேற்று நம்ம தோட்டத்து ஒயினைக் கலந்தேன். இனிப்பான பன்னீர் திராட்சை ஒயினில் புளிப்பான கறுப்புத் திராட்சை ஒயினை நான் ஊற்ற ஊற்ற, நீதானே ருசி பார்த்து, "போதும்ப்பா, நிறுத்துங்க" என்பாய்?

பழக்கதோசத்தில் ரெண்டு டம்ளர் எடுத்துவிட்டேன். உன் டம்ளரையும் நானே குடித்தேன். நிறுத்தச் சொல்ல வூட்டில் ஆளில்லை. ஜாடி முழுக்கப் புளிப்பு, எனக்குத் தலைசுற்றல்.

சரிக்கட்டக் கொஞ்சம் பன்னீர் ஒயின் மிச்சம் இருக்கிறது. பண்டிகைக்கு முன்னால் வந்து ருசி பார்த்துச் சொல்லு. தனியாக வந்துவிடாதே. மூணாவதாக ஒரு டம்ளரும் கழுவி வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்குப் புளிப்பு ஆகுமா?

இப்படிக்கு,
உன் கல்யாணத்துக்கு வராத அப்பா