ஆமென் சொல்லும்வரை

ஆகஸ்ட் 14, புதன்

நாளைக் கொடியேற்றத்துக்காக ஏழாம் வகுப்பை வரிசையில் நடக்கவைத்ததில் தொண்டை கட்டிவிட்டது. சேலையூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மழை. வீட்டுக்குள் நுழைந்ததுமே சந்திரிகா, "அண்ணனுக்கு டியூப்ல கஞ்சி குடுத்தாச்சுக்கா, துணி மாத்தியாச்சு" என்று செருப்பை மாட்டினாள். பகலில் என் கணவன் ஸ்டெபினைப் பார்த்துக்கொள்வது அவள்தான். மாலையில் நானும் அத்தையும்.

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மறைமலை நகர் கம்பெனியிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவனைப் பெருங்களத்தூரில் ஒரு வேன் தட்டிவிட்டது. தலையில் அடி. ஏழு மாதமாகிவிட்டது. கண் திறக்கிறது, மூடுகிறது, தூங்குகிறான், விழிக்கிறான். யாரையும் பார்ப்பதில்லை. என் தோசையின் ஓரத்தில்கூடக் குறை கண்டுபிடித்த குவாலிட்டி இன்ஸ்பெக்டர், இப்போது நாளெல்லாம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்.

உள்ளே இருக்கிறானா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்குத் திங்கட்கிழமை பெரிய டாக்டர் பதில் சொல்லிவிடுவாராம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

ஆம்புலன்ஸில் குலுங்கிப் போய்ச் சேர்ந்து, ஃபிட்ஸ் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் காதருகே கைதட்டினார். "ஸ்டெபின், கையைத் தூக்குங்க" என்றார். நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்தினார். கை லேசாகச் சுருங்கியது. "இது ரிஃப்ளெக்ஸ்தான்மா" என்றார்.

"வீட்ல நீங்க ஏதாவது கவனிச்சீங்களா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவனைப் பெற்றவர், பகல் முழுக்கக் கட்டிலருகே இருப்பவர். அத்தை, "இல்ல டாக்டர்" என்றார்கள். சந்திரிகா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

விழிப்பு இருக்கிறதாம், உணர்வு இல்லையாம். "இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்கம்மா."

ஆகஸ்ட் 20

யாரோடும் பேசவில்லை. பள்ளியில் மட்டும் பேசினேன். பின்னக் கணக்கு நடத்தித்தானே ஆகவேண்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

மேடவாக்கம் தாண்டி ஓர் இல்லம். இவனைப் போல் இருபது பேரைப் பார்த்துக்கொள்கிறார்கள். அக்டோபர் ஒன்றாம் தேதி கொண்டுபோய் விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தையும் ஒரு கையெழுத்துப் போட்டார்கள்.

மாலையில் பெட்ஷீட்டை மாற்றிக்கொண்டே அக்காவோடு போன், ஸ்பீக்கரில். "அவன் ஜனவரியிலேயே போயிட்டான்கா. இது அவன் இல்ல. நான் வெறும் உடம்பைக் கழுவிக்கிட்டு இருக்கேன்" என்றேன். சொன்னபிறகு மனசு கொஞ்சம் லேசானது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ஆறு பேனா, ஒரு ரோஜா.

வாராவாரம் வரும் ஜெபக்குழு ஆறு மணிக்கு வந்தது. எட்மண்ட் பாஸ்டர், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். மூடினோம். ஆமென் சொன்னோம். காபி குடித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் டம்ளர் கழுவிவைத்த சந்திரிகா கிளம்பாமல் கேட்டருகே நின்றாள்.

"ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்கோக்கா. பாஸ்டர் கண்ண மூடச் சொன்னா அண்ணனும் மூடிக்கிறாரு. ஆமென் சொன்னாதான் தொறக்குறாரு. நீங்கோல்லாம் கண்ண மூடிக்கினு கீறீங்கோ. நான் கோயிலுக்குப் போறவ, சும்மா பாத்துக்கினு நிப்பேன்."

"எப்பத்திலேர்ந்து?"

"ஜூன்லேர்ந்து."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

பையின் வாரைத் திருகினாள். "பஸ்ஸு போயிடும்க்கா" என்று நடந்துவிட்டாள்.

ஏழு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பாஸ்டரைப் போலவே குரலை இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். நான்கு முறை. ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சந்திரிகா ஆசையில் எதையோ பார்த்திருப்பாள். ஒரேயடியாக அழுது முடித்த என்னை எதற்கு மறுபடி கிளறிவிட வேண்டும்?

செப்டம்பர் 12, வியாழன்

ஞாயிறு பள்ளியில் ஒரு குட்டு வாங்கியதிலிருந்து ஜெபத்தில் நான் கண்ணைத் திறந்ததே இல்லை. இன்று திறந்தே வைத்திருந்தேன்.

பாஸ்டர் சொல்லி இரண்டு வரி போனபிறகு, மெதுவாக, இரண்டு இமைகளும் இறங்கின. தூக்கமில்லை, இமை துடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அப்போதும் திறக்கவில்லை. ஆமென் என்றார்கள். திறந்தான்.

நிமிர்ந்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அத்தையின் கண்களும் திறந்திருந்தன. அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெரியும். அத்தைக்குத் தெரியும்.

செப்டம்பர் 13

"சந்திரிகா ஜூன்லயே சொன்னா. நான்தான் உங்கிட்ட சொல்லவேணாம்னேன்."

இப்படி, அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே. டாக்டர் மூஞ்சிக்கு நேரா கேட்டாரே, இல்லன்னு சொன்னீங்களே! கையெழுத்துப் போட்டீங்களே! ஏன்? ஏன்?

"அவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சாதான் எனக்குச் சோறு எறங்குது அபி. முதுகுல புண்ணு, வயித்துல டியூப். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே உள்ள கெடக்கான்னா—நான் எப்படிம்மா தாங்குவேன்?"

"உங்களுக்குச் சோறு எறங்கணும்னு என் புருஷனை உயிரோட பொதைச்சீங்களா?"

கேட்டேவிட்டேன். கேட்டதற்கு வருத்தமில்லை. பன்னிரண்டு வருஷமாக என் ஜுரத்துக்குக் கஞ்சி வைத்தவர், என் அம்மா செத்தபோது என்னை மடியில் போட்டுக்கொண்டவர். எல்லாம் பொய்யா? சந்திரிகாவையும் நன்றாகத் திட்டினேன். அவளாவது அழுதாள்.

செப்டம்பர் 18, புதன்

டாக்டர் கோகிலவாணி வீட்டுக்கே வந்தார். கூட வேலை பார்க்கும் டீச்சர் சொல்லிவிட்ட டாக்டர்.

"ஒரு தடவை பாத்துட்டு முடிவு சொல்லக் கூடாதும்மா. உணர்வு வரும், போகும். அஞ்சு தடவை, வேற வேற நேரத்துல பாக்கணும். மாத்திரை போட்டவுடனே பாத்தா யாரா இருந்தாலும் மந்தமாத்தான் தெரிவாங்க." அன்றைக்கு ஏழு மணிக்கு நான் செய்த முட்டாள்தனமும் அதுதான்.

ஜெபத்தில் கண் மூடுவதைச் சொன்னேன். "பழக்கமாக்கூட இருக்கலாம். சொல்லும்போது மூடுறாரா, சொல்லாதப்ப மூடாம இருக்காரா, ரெண்டையும் எண்ணணும்" என்றார். என் பாஷை பேசுகிற டாக்டர்.

கைக்கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல நகர்த்தினார். கண் கூடவே போனது. இந்த அறையில் இருந்த கண்ணாடியைக் கழற்றியது நான்தான். தையல் போட்ட தலையை அவன் பார்க்க வேண்டாமென்று.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஐந்து முறையும் முடிந்தது. இரண்டு முறை ஒன்றுமே இல்லை. மூன்று முறை, சொன்னபோதெல்லாம் மூடினான். குறைந்த அளவு உணர்வு நிலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"உள்ள இருக்காரும்மா. எவ்வளவு தெளிவான்னு இப்போ சொல்ல முடியாது. கண் மூடுறதை வெச்சுக்கிட்டு பெரிய கேள்விக்கெல்லாம் பதில் எடுத்துடாதீங்க."

இல்லத்துக்கு போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அத்தையோடு இன்னும் பேச்சில்லை. தட்டை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். என் காலடிச் சத்தம் கேட்டால் கட்டிலைவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும்.

அக்டோபர் 1

இன்று அவனைக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டிய நாள்.

பெட்ஷீட் மாற்றும்போது கை அப்படியே நின்றுவிட்டது. ஆகஸ்டில் இதே கட்டில். ஸ்பீக்கர். 'இது அவன் இல்ல.'

ஐயோ.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை விடுமுறை. சந்திரிகா வாசலோடு பொரியும் பழமும் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

மாத்திரைக்கு முன்பாக, காலை ஒன்பது மணிக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நாளாக ஒத்திப்போட்டது. ஆமாம் என்றால் கண்ணை மூடவேண்டும், நான் 'சரி' என்றால் திறக்கவேண்டும். இந்த வாரம் பழகியிருந்தோம்.

"உன் பேர் தாவீதா?" திறந்தே இருந்தான். "ஸ்டெபினா?" மூடினான். சரி. திறந்தான். "நான் சந்திரிகாவா?" அசையவில்லை. "அபியா?" மூடினான். சரி. திறந்தான்.

"ஆகஸ்ட்ல பெட்ஷீட் மாத்தும்போது அக்காகிட்ட போன்ல பேசுனேன். அது உனக்குக் கேட்டுச்சா?"

எண்ணினேன். பதினொன்று வரை ஒன்றுமில்லை. அப்புறம் மூடினான்.

டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது. களைப்பாக இருக்கலாம். தற்செயலாக இருக்கலாம். "சரி" என்றேன். திறக்கவில்லை. "சரி, ஸ்டெபின்." திறக்கவில்லை. "மன்னிச்சிடுடா" என்றேன். இமை துடிக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறான். அத்தையை என்னவெல்லாம் கேட்டேன்! அவர்கள் மறைத்தார்கள். நான் அவன் தலைமாட்டிலேயே நின்று அவனைச் செத்தவன் என்றேன்.

அத்தை எப்போது வாசல் பக்கம் வந்து நின்றார்களோ. நான் திரும்பாமலே சொன்னேன், நான்கு வாரத்தில் முதல் வார்த்தை: "அத்தை, தொறக்க மாட்டேங்கிறான்."

வந்து அவன் நெற்றியில் கை வைத்தார்கள். "ஆண்டவரே, எங்க ரெண்டு பேரையும் மன்னியும்" என்றார்கள். பிறகு, "ஆமென்."

திறந்தான். என்னைப் பார்த்தானா, அவர்களைப் பார்த்தானா, தெரியவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து அத்தைக்கு இடம் விட்டேன்.