எடுக்காத மிஷினும் பழனி பஸ்ஸும்

மதினி,

நேற்றுக் காலையில் உங்கள் வாஷிங் மிஷின் எடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, உள்ளே ஒரு முனகல், அதோடு சரி. போன் பண்ணினால் நாளைக்கு ஆள் வரும் என்றார்கள். முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். உடனே உங்கள் குரல்தான் வந்தது. "மொதல்ல பிளக்கப் பாரு புள்ள. அப்பறம் மத்ததப் பாரு." பார்த்தேன். பிளக் சரியாக இருந்தது. தண்ணீர்க் குழாயை யாரோ மூடி வைத்திருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? குழாயைத் திறந்ததும் ஓடிவிட்டது. ஆள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சோப்புத் தூளும் ஈரத் துணியும் கலந்த அந்த வாசனை என்னை மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டிக்குக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்த இந்த ஒரு வருஷத்தில் நான் அங்கே போகாத நாள் குறைவு.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரை மில் முதலாளி ஒருவரின் பங்களாவுக்கு அண்ணன் காவல்காரர். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலை பார்க்க வேண்டும், குடியிருக்கப் பின்கட்டில் ஒரு அறை என்பது ஏற்பாடு. நீங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்ட அன்றே அந்தப் பங்களாவுக்கும் வாழ்க்கைப்பட்டுவிட்டீர்கள். என் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்ததும் நான் டிரங்குப் பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன். அண்ணன் பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள்தான் "குளிருல ஏன் நிக்கிற, உள்ள வா" என்றீர்கள். நாத்தனாரைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் மதினிமார்களைப் பற்றித்தான் நான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன்.

அந்தப் பங்களாவில் உட்கார எத்தனையோ இடம் இருந்தது. ஆனால் நாம் உட்காரக் கூடாது. சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் பிளாஸ்டிக் உறை. முதலாளி சாமானில் ஒரு கீறல் விழுந்தால் அண்ணனுக்குத் தன் தோலில் விழுந்த மாதிரி. மத்தியானமே மூட்டம் இறங்கி ஜன்னலை அடைத்துவிடும். எதிரே இருக்கும் யூகலிப்டஸ் மரம்கூடத் தெரியாது. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் துவைக்கிற கல். விருந்தாளிகள் வந்து போன பிறகு விரிப்பும் உறையும் கம்பளியும் குவியும். ஊற்றுத் தண்ணீரில் கை வைத்தால் முதலில் எரியும், பிறகு ஒன்றுமே தெரியாது. உங்கள் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். முந்தானையில் துடைத்துவிட்டு அடுத்த துணியை எடுப்பீர்கள். காயப்போட்டது காயாமல் நம் அறைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதற்கு அடியிலேயே நாம் படுத்து எழுந்தோம்.

கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் டீச்சர் டிரெயினிங் முடித்தவர் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரியும். அந்த வருஷம் சர்ச்சில் பார்த்த ஒரு சிஸ்டர், பழனி அடிவாரத்தில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் வேண்டும், தங்க இடமும் உண்டு, ஜூனில் பள்ளி திறக்கிற அன்று வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று சொன்னார். அன்று வீடு திரும்பும்போது நீங்கள் வேகமாக நடந்தீர்கள். அண்ணனிடம் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நீ போயிட்டா சீசன் துணிய யாரு வெளுக்கிறது? ரெண்டு ஆளுன்னு சொல்லித்தான மொதலாளி வச்சிருக்காரு. எடத்தக் காலி பண்ணுன்னுட்டா மூணு பேரும் எங்கிட்டுப் போயி நிக்கிறது?"

அவர் கொடுமைக்காரர் இல்லை, மதினி. பயந்தவர். பயந்தவரோடு சண்டை போடுவதுதான் கஷ்டம். நீங்கள் அடுப்பை ஊதினீர்கள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு அந்த மிஷின் வந்தது. முதலாளியின் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. லாரியில் வைத்து மேலே அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்த ஆட்கள் பின் வராந்தாவில் இறக்கி, பிளக்கைச் செருகி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். நான் மிஷினைப் பார்த்தேன். நீங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்தீர்கள். "இது ஓடுச்சுன்னா நான் போகலாம்ல? துணிய இவ ஒருத்தியே பாத்துக்கிருவால்ல?" என்று கேட்டீர்கள். மிஷினைத் தடவிக்கொண்டிருந்த அண்ணன், அந்தச் சந்தோஷத்திலேயே, "ஓடுச்சுன்னா போ, யாரு வேணாங்குறா" என்றார். இவ ஒருத்தி. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது உங்களுக்கும் சுருக்கென்றிருக்க வேண்டும். என்னைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் தன் வேலையை ஆரம்பித்தார். காலுக்கு அடியில் பலகை, மேலே போர்த்தப் பழைய ஜமுக்காளம், மூடி டங்கென்று விழுந்து பெயின்ட் போய்விடாமல் இருக்க அதன் உள்விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுகிற வேலை. சர்ச் பீடத்துக்குக்கூட அவ்வளவு பக்குவம் பார்த்திருக்க மாட்டார்.

மறுநாள் மிஷின் எடுக்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் அந்த வார்த்தையை முதலில் சொன்னீர்கள், பிளக்கப் பாரு என்று. பிளக்கைப் பார்த்தோம். அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் சுட்டது. அண்ணன் ஃபியூஸ் கம்பியை மாற்றினார். வோல்டேஜ் குறைவு என்று சொல்லிக்கொண்டு, ஊரில் பல்புகள் பிரகாசமாக எரியும் விடிகாலையில் எழுந்து திருகிப் பார்த்தோம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஊற்றாமல் பார்த்தோம். கூட வந்த புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. படத்தில் ஒரு பெண் மிஷின் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "சிரிக்கா பாரு, ஓடுதுல்ல அவளுக்கு" என்றீர்கள்.

முதலாளிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால் அண்ணன் நடுங்கினார். "வந்தன்னிக்கு ஓடுனது. நம்மதான் என்னமோ பண்ணிப்புட்டோம்னு நெனப்பாரு. சோலிக்கே ஒல வச்சிராதீக." கடைசியில் பஜாரிலிருந்து தெரிந்த வயர்மேன் ஒருவரை யாருக்கும் தெரியாமல் கூட்டிவந்தார். அவர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே டார்ச் அடித்தார், பின்பக்கம் கழற்றினார், சுவிட்சைத் திருகினார். "கரண்ட்டு வருதுண்ணே. மோட்டார்தான் அவுட்டு. மதுரைக்குத்தேன் கொண்டு போகணும்." அந்த வாரமே மழையில் வத்தலக்குண்டு ரோட்டிலும் பழனி ரோட்டிலும் மண் சரிந்தது. மிஷின் போகவும் வழியில்லை, ஆள் வரவும் வழியில்லை. முன்னமே வந்திருந்த விருந்தாளிகளும் இறங்க முடியாமல் பங்களாவிலேயே தங்கிவிட்டார்கள். விரிப்புகள் மட்டும் குறையவேயில்லை.

நம் இருவருக்கும் இடையில் பேச்சு குறைந்தது அந்த நாட்களில்தான். நீங்கள் தினமும் வெள்ளனே எழுந்து, மிஷினில் தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் திருகிப் பார்த்துவிட்டுக் கல்லுக்குப் போவீர்கள். கோயிலுக்குப் போகிறவர் போலப் போவீர்கள், திட்டு வாங்கினவர் போல வருவீர்கள். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது ஓட வேண்டும் என்று உங்களுக்காக ஜெபம் பண்ணுவேன். ஓடக் கூடாது என்று எனக்காகவும் பண்ணுவேன். ஆண்டவருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

மே கடைசியில் ஒரு நாள் காலையிலிருந்து கரண்ட் இல்லை. வழக்கப்படி சுவிட்சைத் திருகிய நீங்கள் அதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். அலசிய கம்பளிகளை அண்டாவில் அள்ளிக்கொண்டு நான் வராந்தாவுக்கு வந்தேன். நனைந்த கம்பளியின் கனம் உங்களுக்குத் தெரியும். பாதி வழியில் கை விட்டுப்போய்விட்டது. மிஷின் மேல் ஒரு தம்ளர்கூட வைக்கக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். போங்கள் நீங்களும் உங்கள் சட்டமும் என்று அண்டாவைத் தூக்கி மூடி மேல் டமாரென்று வைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். கரண்ட் வந்தது. மிஷின் ஓடியது.

பதறி அண்டாவை இறக்கினேன். நின்றுவிட்டது. மூடியைக் கையால் அழுத்தினேன், ஓடியது. விட்டேன், நின்றது. குனிந்து பார்த்தால், அண்ணன் ஒட்டிய டியூப் மூடியை நகக்கண் அளவுக்குத் தூக்கிப் பிடித்திருந்தது. அது முழுசாக மூடினால்தான் ஓடுகிற மிஷின். பூப்போல மூடி, பூப்போலத் திறந்து, நாம் அதை ஒருநாள்கூட மூடவேயில்லை. வயர்மேனும் திறந்து வைத்துக்கொண்டேதான் பார்த்தார். கீறல் விழாமல் காத்தே மிஷினைக் கொன்றுவைத்திருந்தோம்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. இது ஓடினால் நீங்கள் போய்விடுவீர்கள். இந்த மூட்டமும் உறை போட்ட அறைகளும் அண்ணனின் பயமும் எனக்கு. ராத்திரி தூக்கம் வராதபோது "முழிச்சிருக்கியா புள்ள" என்று கேட்க ஆள் இருக்காது. ஒரு உலை கொதிக்கிற நேரம் மூடியைத் தொடாமல் நின்றேன். மழை நின்றிருந்தது. வெளியே துணி அடிக்கும் சத்தமும் இல்லை. துணி காயப்போடக் கொடிக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

பிறகு கத்தியை எடுத்து அந்த டியூபைச் சுரண்டி எடுத்தேன். கூடவே பெயின்டும் உரிந்து வந்தது. மூடியை ஓங்கிச் சாத்தினேன். "மதினி, ஓடுது, வெரசா வாங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அண்ணன்தான் முதலில் ஓடிவந்தார். மிஷின் ஓடுவதை விட்டுவிட்டு, உரிந்த இடத்தைப் பார்த்து, "அடிப்பாவி, பெயின்ட உரிச்சுப்புட்டியே" என்று தலையில் கை வைத்தார். நீங்கள் வாசற்படியில் வந்து நின்றீர்கள். உங்கள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. வந்து என் ஈரக் கையைப் பிடித்து உங்கள் முந்தானையால் துடைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அண்ணன் சொன்ன வாக்கை மாற்றவில்லை. அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரோடு சரியாகி ஓட ஆரம்பித்த பழனி பஸ்ஸில் ஏற்றிவிட நான்தான் வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். பஸ் கிளம்பியதும் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

மிஷின் நன்றாக ஓடியது. அதுதான் வினை. துணி சுலபமாகிவிட்டது என்றதும் முதலாளி பங்களாவை வருஷம் முழுக்க வாடகைக்கு விட ஆரம்பித்தார். பனி விழும் டிசம்பரிலும் தேனிலவுக்காரர்கள். நான் விரிப்பைப் போடுவதும் எடுப்பதுமாக அந்த வராந்தாவிலேயே என் இருபதுகள் போயின. நீங்கள் சனிக்கிழமைகளில் ஆயக்குடிக் கொய்யாப் பழங்களோடு வருவீர்கள். உங்கள் விரல் வெடிப்புகள் ஆறியிருந்தன. ஒவ்வொரு தடவையும், "ஹாஸ்டல் சமையலுக்கு ஆளு கேக்குறாங்க, வாறியா?" என்பீர்கள். "அண்ணனுக்கு யாரு கஞ்சி வைப்பா?" என்பேன். அப்போது உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும். அந்த ஆறிய கையைப் பார்க்கவே பிடிக்காது. இந்த மதினிக்கு நான் செய்தது என்னவென்று தெரியவே தெரியாது, ஒரு நன்றிகூட இல்லை என்று மிஷினோடு பேசிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் இறந்து, பங்களா கைமாறி, அதே டிரங்குப் பெட்டியோடு இந்தப் பழனி வீட்டுக்கு வந்தபோதும் நீங்கள் "உள்ள வா" என்றுதான் சொன்னீர்கள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த ஆத்திரத்தை நான் வெளியே விடவில்லை. உங்களுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு, ஒரு மத்தியானம், மொச்சை உரித்துக்கொண்டிருக்கும்போது அதுவாகவே வந்துவிட்டது. "அன்னைக்கு நான் அந்த டியூபப் பிச்சு எடுக்காம இருந்திருந்தா நீங்க இங்க உக்காந்திருக்க முடியுமா?" என்றேன். குரல் கொஞ்சம் தடித்துத்தான் இருந்தது.

நீங்கள் மொச்சையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் புள்ள. மொதத் தடவ ஓடுனது கேட்டுச்சு. நின்னதும் கேட்டுச்சு. மறுபடியும் ஓடுச்சு, மறுபடியும் நின்னுச்சு. நீ கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சு போச்சு. உள்ள வந்தா ஒனக்கு வேற வழியில்லாமப் போயிரும்ல. அதான் கையில துணியோட அப்படியே நின்னேன்."

கையிலிருந்த மொச்சையை வைத்துவிட்டுக் கேட்டேன். "நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"அலசிட்டு வந்து ஒல வச்சிருப்பேன். ஒங்கிட்ட ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, என் மடியில் இருந்த உரிக்காத மொச்சையையும் உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள். உங்களை நான் அனுப்பிவைத்தேன் என்ற பெருமையிலும் கோபத்திலும்தான் அத்தனை வருஷம் ஓட்டியிருந்தேன். பஸ்ஸில் நீங்கள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் எதை விட்டுக்கொடுத்தேன் என்று தெரிந்தவர், திரும்பியிருந்தால் இறங்கிவிட்டிருப்பீர்கள்.

இப்போது மத்தியானத்தில் கரண்ட் போய், ஃபேனும் ஃபிரிஜ்ஜும் அடங்கி, வீட்டில் சத்தமே இல்லாமல் போகும். அப்போதெல்லாம் நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் கையில் ஈரத் துணியோடு நிற்கிறீர்கள், மதினி. உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நான் என்ன செய்தாலும் சரி என்று நிற்கிறீர்கள்.