நானே கொடுத்த ஒன்பது புகார்கள் மீது ஒரு புகார்

அனுப்புநர்
குன்வோர் ஹெட்ஸ்ட்ராண்ட்,
சலவை அறைப் பொறுப்பாளர்,
வீட்டு எண் 3, ரோன் வீதி 14,
எல்வ்மோ, சுவீடன்.

பெறுநர்
குடியிருப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்,
நகராட்சி வாடகை வீடுகள் நிறுவனம்,
எல்வ்மோ.

பொருள்: வீட்டு எண் 11-இல் குடியிருக்கும் திருமதி லெம்லெம் கெப்ரெஸ்கி மீது நான் கொடுத்த ஒன்பது புகார்களைத் தள்ளுபடி செய்து, அவரை வீட்டைக் காலி செய்யச் சொன்ன உத்தரவை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் நோட்டீஸ், நாள் 3.4.2023.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி முகவரியில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பன்னிரண்டு வீடுகளுக்கும் பொதுவான சலவை அறையின் பொறுப்பு ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. துவைக்கும் நேரத்தைப் பிடித்துவைக்க வீட்டுக்கு ஒரு சிறு பூட்டு மாட்டும் முறைப் பலகையில் எந்த வீட்டுப் பூட்டு எந்த நேரத்தில் தொங்குகிறது, துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேர்ந்த பஞ்சை யார் அள்ளாமல் போனார், யார் தரையைத் துடைக்கவில்லை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை.

2. திருமதி லெம்லெம் எரித்ரியாவிலிருந்து வந்தவர். முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறார். இரண்டு பெண் குழந்தைகளுடன் இங்கே குடிவந்து மூன்றாவது ஆண்டு நடக்கிறது. என் புகார்களை மட்டுமே ஆதாரமாகக் காட்டி, மே 31-க்குள் அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட்டிருக்கிறீர்கள்.

3. கடந்த ஜனவரி முதல் நூலகத்தில் செவ்வாய்தோறும் இனவெறி பற்றிய படிப்பு வட்டம் நடக்கிறது. உண்மையைச் சொன்னால், நான் போனது காப்பிக்கும் இலவங்கப்பட்டை ரொட்டிக்கும்தான். இனவெறி என்பது தெருவில் கொடி பிடித்துக் கத்துகிறவர்கள் சமாசாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் போய் உட்கார்ந்தேன். மார்ச் கடைசியில், அடுத்தவரைப் பற்றி நம் கையால் எழுதிய ஏதாவது ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் எவ்வளவு நியாயமானவள் என்று காட்ட அந்த நோட்டைக் கொண்டுபோனேன். உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன்:

"அக்டோபர் 12. ஸ்தூரே பெல்லிங். பஞ்சு அள்ளவில்லை. பாவம், மறதி. வாயால் சொல்லிவிட்டேன்."

"அக்டோபர் 19. வீட்டு எண் 11. பஞ்சு அள்ளவில்லை. இவர்களுக்குச் சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. புகார் அனுப்பியாயிற்று."

அந்த இரண்டு குறிப்புகளையும் மறுபடி படித்தேன். ஒரே தவறு, ஒரு வார இடைவெளி. பெல்லிங்குக்குப் பெயர் இருக்கிறது, அந்த அம்மாளுக்கு எண் மட்டும்தான். நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தேன், ஓர் இடத்தில்கூட அவர் பெயரை நான் எழுதவில்லை. வெட்கக்கேடு!

4. வீட்டுக்கு வந்து என் புகார்களின் நகல்களை எடுத்து நோட்டோடு ஒப்பிட்டேன். பிப்ரவரி 6 தேதியிட்ட எட்டாவது புகாரும் பஞ்சு பற்றியதே. ஆனால் நவம்பரிலிருந்து 11-ஆம் வீட்டுப் பூட்டு பலகையில் தொங்கவே இல்லை என்று என் நோட்டே சொல்கிறது. கண்ணால் பார்க்காமலே அவர் தலையில் கட்டியிருக்கிறேன். நோட்டின்படி அன்று தொங்கியது எங்கள் கட்டடத்து பெல்லிங்கின் பூட்டு; அவரைக் கேட்டேன். "அது நாந்தான் குன்வோர். நீ அந்தம்மா மேல எழுதிப் போட்டுட்டேன்னு தெரியும். நமக்கு எதுக்கு வம்புன்னு கம்முனு இருந்துட்டேன்" என்றார்.

நவம்பரிலிருந்து அவர் ஏன் வரவில்லை என்பதையும் விசாரித்தேன். நம் கட்டடங்களின் வழக்கப்படி நான் 11-ஆம் வீட்டைக் குறை சொல்லி, என் பெயர் போடாமல் சலவை அறைக் கதவில் ஒட்டிய சீட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான். அன்று முதல் வேலைச் சீருடை, பிள்ளைகளின் குளிர்காலத் துணி எல்லாவற்றையும் குளியல் தொட்டியில் கையால் துவைத்துப் பால்கனியில் காயப்போட்டிருக்கிறார். அங்கிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்பதுதான், ஐயா, என் ஒன்பதாவது புகார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

5. இப்போது என் பெயரும் வீட்டு எண்ணும் போட்டு, நடந்ததை முழுவதும் எழுதி அதே கதவில் ஒட்டியிருக்கிறேன். வீடு வீடாகப் போனேன். அவரைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஏழு வீட்டார் கையெழுத்திட்டார்கள். "உனக்கு என்னடி ஆச்சு? ஒழுங்காத்தானே இருந்தே!" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். பெல்லிங் இரண்டு நாள் மழுப்பிவிட்டுக் கடைசியில் எழுதிக் கொடுத்தார். மே 9 அன்று இந்த உத்தரவு வாடகைத் தீர்ப்பாயத்தில் விசாரணைக்கு வருகிறது; படிப்பு வட்டத்தார் அனைவரும் அங்கே வருகிறார்கள். எனக்கு எதிராக நானே சாட்சி சொல்வேன்.

6. திருமதி லெம்லெமிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "மன்னிப்பை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? எம் பொண்ணுங்க ஸ்கூலை விட்டுட்டு எங்க போவாங்க? உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே. எழுதுங்க." கதவைச் சாத்திவிட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகவே, என் ஒன்பது புகார்களையும் கோப்பிலிருந்து நீக்கி, காலி செய்யும் உத்தரவை ரத்து செய்து, அதை அவருக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சலவை அறைப் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்து, பொய்ப் புகாருக்கான நடவடிக்கையை என் மீது எடுக்கவும். சாவியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் ஒவ்வொரு புகாருக்கும் மூன்றே நாளில் நன்றி தெரிவித்து எனக்குக் கடிதம் வந்தது. ஆனால் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட மாடியேறிப் போய் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு வீடு தள்ளி இருந்த நானும் கேட்கவில்லை. இந்த முறையாவது போய்க் கேளுங்கள்.

இணைப்பு: நோட்டின் நகல், ஸ்தூரே பெல்லிங்கின் வாக்குமூலம், ஏழு வீட்டாரின் கையெழுத்து, சாவி.

இடம்: எல்வ்மோ
நாள்: 18.4.2023

தவறு செய்தவள்,
(ஒப்பம்) குன்வோர் ஹெட்ஸ்ட்ராண்ட்