கோதண்டபாணி வாங்கிய தவப்பூனை

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி வளவனும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாட்டமாக இருக்கிறோம், குவைத்து வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்பதுதான் என் நினைப்பு. நான் சொல்லச் சொல்ல எழுதுவது எதிர்வீட்டு இளமதி. நல்ல பெண்தான், இருந்தாலும் இரண்டு தரம் படித்துக் காட்டச் சொல்லித்தான் ஒட்டுவேன். போனில் சொல்லலாமே என்பாய், வளவன் போனை எப்போதும் பொம்மைச் சங்கத்து ஆபீசில் வைத்துவிட்டு வருகிறான், அந்தப் போனை நான் நம்புவதாக இல்லை.

போன லீவில் மாமல்லபுரத்துப் பாறையில் கையைத் தூக்கித் தவம் நிற்கிற பூனையையும் அதைக் கும்பிடுகிற எலிகளையும் போட்டோ எடுத்து வந்தாயே, அதைப் பார்த்து வளவன் கொலுவுக்கென்று பீங்கானில் செட்டாக வார்த்தான். கல்லில் இருந்தது போதாதென்று நெற்றியில் பட்டை, கழுத்தில் கொட்டை எல்லாம் போட்டான். சூளையிலிருந்து எடுத்துப் பார்த்தால் தொங்கின மீசையும் பாதி மூடின கண்ணும் அச்சு அசல் நம் பொம்மைச் சங்கத் தலைவர் கோதண்டபாணி. தெருவே சிரித்தது. டீக்கடைப் பாஞ்சாலை, "என்னா பெரியவரே, தலைவரு ஒங்க வூட்ல தவம் நிக்கிறாராமே" என்று என்னையே கேட்டாள். அந்த ஆளும் இப்போது பழைய ஆள் இல்லை. கறியை விட்டுவிட்டான், என்னைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறான். அவன் அப்பன் காலத்திலிருந்து பார்க்கிறேன், காரியம் இல்லாமல் அந்த வூட்டில் யாரும் குனிந்ததில்லை. காரியம் நம் பொம்மைக் கொட்டகை இடம்தான். உன் அம்மா பேரில் இருந்தது, அவள் போனபின் அதை மாற்றி எழுத என் கைரேகையும் உங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். "சங்கத்து பேர்ல எழுதிடுங்க மாமா, பொதுச் சூளை கட்டுனா எல்லாரும் பொழைச்சிக்குவோம்" என்கிறான். வளவன் பாதி சாய்ந்துவிட்டான். இடம் போனால் அவன் கோதண்டபாணியிடம் கூலிக்குத்தான் வார்க்க வேண்டும்.

பகை வேண்டாமென்று பொம்மையை மறைத்து வைத்திருந்தோம். கோதண்டபாணியே தேடிவந்து திருப்பித் திருப்பிப் பார்த்து, "பக்தியா இருக்குது தம்பி" என்று செட்டோடு வாங்கிப் போனான். தெரியாமல் வாங்கினானா, தெரிந்தே வாங்கினானா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று சங்கத்துக்குப் போனேன். மேசைமேல் பூனை மட்டும் நிற்கிறது. எலிகள் எங்கே என்றேன். "அதெல்லாம் உள்ள போயாச்சி மாமா" என்று சிரித்தான். தூசு படாமல் அலமாரிக்குள் வைத்திருப்பார் என்கிறான் வளவன்.

கோதண்டபாணி உனக்கும் போனில் பேசுவான். அக்கா என்பான், அம்மாவைச் சொல்லிக் கண்கலங்குவான். எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போடாதே. கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டச் சொன்னாள் இளமதி, கட்டினதை அவன் பிரித்துப் படிப்பான் என்று வாயாலேயே சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சாமி உங்களைக் காப்பாற்றட்டும், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். இந்தக் கடிதத்தின் கடைசியில் ரேகை வைக்கச் சொல்கிறாள், எத்தனை கை மாறிப் போகுமோ, வைக்க மாட்டேன். அப்பாதான் என்று உனக்குத் தெரிய ஒன்று சொல்கிறேன்: ஆறின சூளைக்குள் குட்டி போட்ட சாம்பல் பூனைக்கு நீ பள்ளிக்கூடத்துப் பாவாடையை விரித்து வைத்தாய், அம்மா தேடினபோது நான் காட்டிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ரேகை வைக்காத உன் அப்பா,
பக்கிரி, விருத்தாசலம்.